இடம் மட்டும் காலி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை, மேசை இழுப்பறையில் கிடைத்தது. கடலூர் முதுநகரில் அச்சகம் வைத்திருந்த தட்சிணாமூர்த்தி, 2007 சித்திரையில் திருத்தம் பார்க்கக் கொடுத்த கல்யாணப் பத்திரிகையின் ப்ரூப் அது. மணமகள் வித்யா. மணமகன் விஜயகுமார். வைகாசியில் ஒரு ஞாயிறு, காலை ஆறிலிருந்து ஏழரை. 'இடம்' என்ற சொல்லும் இருக்கிறது, அதை ஒட்டி முக்காற்புள்ளியும் இருக்கிறது. அதற்கப்புறம் வெறும் மஞ்சள் காகிதம்.

பத்திரிகையில் இனிஷியல் மாறலாம், சித்தப்பா ஒருவர் பெயர் விட்டுப்போகலாம். கல்யாணம் நடக்கிற இடமே இல்லாமல் ஒரு பத்திரிகை அச்சகம் வரைக்கும் போனது எப்படி என்பதுதான் கதை. எழுதவேண்டியவன் நான்தான், ஏனென்றால் அந்த இடம் காலியாகக் கிடந்ததற்குக் காரணமும் நான்தான்.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி:

"அன்று கடல் அமைதியாக இருந்தது." (அடித்துவிட்டேன். கடலுக்கு இந்தக் கதையில் வேலை உண்டு, ஆனால் பிறகுதான்.)

"வித்யா தன் இருபத்துநாலாவது வயதில் முதல்முறையாகக் கண்ணாடி முன்னால்..." (நிறுத்திவிட்டேன். வித்யா இதைப் படிப்பாள். படித்துவிட்டு போன் பண்ணுவாள்.)

"நல்ல மண்டபம் என்பது எது?" (இது இருக்கட்டும். கட்டுரை வாடை அடிக்கிறது, ஆனால் உள்ளே சரக்கு இருக்கிறது.)

2

என் தாய்மாமன் காசிநாதனைக் கேட்டால், ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும் என்பதுதான் மண்டபம். அவருக்கு முதுநகரில் வலை, கயிறு கடை. எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் முதலில் பந்தல் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். அது நம் கடைச் சரக்கா இல்லையா என்று தெரிகிறவரை மேடைப் பக்கம் திரும்பமாட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா முத்தம்மாள், சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறவர். அவர் மேடையைப் பார்ப்பதே இல்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போய், "கழுநீர் எந்தப் பக்கம் போவுது?" என்பார். மண்டபக்காரர் ஒரு நொடி திணறினால் மண்டபம் தோற்றது.

காசிநாதனின் மகள் வித்யா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தபோது அந்த மெஸ்ஸில்தான் சாப்பிட்டாள். சாம்பார் வாளியோடு நின்றது மகன் விஜயகுமார். மேற்கொண்டு நான் எழுதவேண்டியதில்லை. இரண்டு வீட்டிலும் சம்மதம். பாக்கி இருந்தது இடம் ஒன்றுதான். ஆனால் விஜயகுமாருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். அந்த ஞாயிறு தவறினால் இரண்டு வருடம் கழித்துத்தான் ஊர் திரும்புவான். இரண்டு வருடத்தில் பெரியவர்கள் மனம் எத்தனை தடவை மாறும் என்று வித்யாவுக்குத் தெரியும். அதனால் என்னைப் பிடித்தாள்.

"மாமா*, நீதான் பேசி முடிக்கணும். இவுங்க ரெண்டு பேரையும் வுட்டா தாலி தபால்லதான் போவும்."

* எங்கள் பக்கம் தாய்மாமனும் மாமா, அத்தை மகனும் மாமா. எங்கள் வீட்டில் அப்படிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவோம். நான் அத்தை மகன். முறைப்பையன்தானே என்று வாசகர் புருவத்தைத் தூக்கவேண்டாம். அதற்கு எனக்கு எப்போதோ பதில் வந்துவிட்டது: "உன் ஜோக்க தெனமும் கேக்க முடியாது மாமா."

3

பேரத்துக்கு மாமா கடையில் ஒரே விதி. காரணம் சொல்லக்கூடாது. கயிறு வாங்க வந்தவர் "நாளைக்கு காலையில படகு எறங்குது" என்று வாயை விட்டுவிட்டால், அவர் கயிறு இல்லாமல் திரும்பப்போவதில்லை என்று கடையில் இருக்கிற பல்லிக்குக்கூடத் தெரிந்துவிடும். அரைஞாண் கட்டிய வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதையே கல்யாண மண்டபத்துக்கும் போட்டேன்.

மாமா சொன்னார்: "கடலூர்லதான். முதுநகர்ல."

முத்தம்மாள் சொன்னார்: "சிதம்பரத்துலதான் தம்பி. ஏன்னா எங்க..."

"காரணம் வேணாம்மா," என்றேன். "ஊர் பேர மட்டும் சொல்லுங்க. காரணம் சொன்னா எறங்கிப்போன மாதிரி ஆயிடும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். (இந்தக் கதையில் பாதியில் நிற்கிற வாக்கியங்கள் சில உண்டு. மற்றவற்றை நான் நிறுத்தியது எழுத்துக்காக. இதை நிறுத்தியது கெட்டிக்காரத்தனத்தால். நினைவில் வையுங்கள்.)

முதல் வரைவில் முத்தம்மாளைத் திமிர் பிடித்த சம்பந்தியாகத்தான் எழுதினேன். வாய் நிறைய வெற்றிலை கொடுத்தேன், கால்மேல் கால் போடவைத்தேன். ஒரு வரிகூட ஒட்டவில்லை. அவர் வெற்றிலை போடுவதில்லை, உட்காருவதே அபூர்வம். ஒவ்வொரு தடவை தூது போகும்போதும் அவர் கையால் மூன்று தோசை தின்றுவிட்டு, பஸ் ஏறி வந்து அவரையே கெட்டவராக எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே அந்தப் பிடிவாதத்துக்கு வேறு காரணம் தேடவேண்டும் என்று கதாசிரியனுக்குத் தோன்றியது. தோசை தின்ற தூதுவனுக்குத் தோன்றவில்லை.

4

கடலூரில் நான் காட்டிய மண்டபத்தை முத்தம்மாள் பார்த்தார். "கழுநீர் வாசப்பக்கம் வருது தம்பி. வேணாம்."

சிதம்பரத்தில் காட்டியதை மாமா பார்த்தார். "பந்திக்கு எம்பது எலதான். மீதிப் பேரு இன்னா, நின்னுகிட்டே துன்றதா?"

இன்னும் இரண்டு பார்த்தோம். ஒன்றில் தூண் ஜாஸ்தி, ஒன்றில் வெளிச்சம் கம்மி. இருவரும் சொன்ன குறையெல்லாம் உண்மை. உண்மையான குறையை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு இறங்க ஆரம்பித்தார்கள். விலையில் இறங்குவது போல ஊரில் இறங்கினார்கள், பஸ் நிற்கிற வரிசையில்.

"பி.முட்லூர் வரைக்கும் வரேன்னு சொல்லு தம்பி," என்றார் முத்தம்மாள். அது சிதம்பரத்துக்குக் கொஞ்சம் வடக்கே.

மாமா கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஆலப்பாக்கம்னு சொல்லுடா." அது கடலூருக்குக் கொஞ்சம் தெற்கே.

நடுவில் மிஞ்சியது புதுச்சத்திரம். பாதிக்குப் பாதி முறித்துவிட்ட பெருமையில் இரண்டு வீட்டுக்கும் போன் போட்டேன். இரண்டு பேரும் சரி என்றார்கள். வியாபாரி வீட்டுப் பிள்ளை மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. விலையை நடுவில் முறித்தால் நடுவில் ஒரு விலை இருக்கும். ஊரை நடுவில் முறித்தால் அங்கே மண்டபம் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

(பெயரிலேயே சத்திரம் இருக்கிறதே என்று ஒரு நம்பிக்கைதான்.)

5

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, வடக்கிலிருந்து மாமா, வித்யா, நான். தெற்கிலிருந்து முத்தம்மாள், விஜயகுமார். தேடிய தேடலில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு ரைஸ்மில்லின் நெல் காயவைக்கும் களம். மில்காரர் பெயர் ஆண்டி.

"பந்தல் போட்டா ஐந்நூறு எல," என்றார் அவர், கையை விரித்து.

"தண்ணி?" என்றார் முத்தம்மாள்.

"லாரி வரும்."

"கழுநீர்?"

"அதான் சுத்தி வயலு கெடக்குதே."

"கக்கூஸு?" என்றார் மாமா.

ஆண்டி மறுபடியும் வயலைப் பார்த்தார்.

வெயில் சிமெண்டிலிருந்து மேலே எழும்பிக்கொண்டிருந்தது. மாமாவின் போன் மூன்றாவது தடவை அடித்தது. "தேவனாம்பட்டினத்து ஆளுங்கள திருப்பி அனுப்பாத, ஒக்கார வையி," என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்தார். முத்தம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் மூன்றாவது தடவை.

வித்யா இரண்டையும் கவனித்தாள். நான் களத்தில் எத்தனை இலை என்று அடியெடுத்து அளந்துகொண்டிருந்தேன்.

"மணியப் பாத்துகிட்டே இருக்கீங்களே அத்தை, இன்னா?"

"பசங்க பன்னெண்டரைக்கு சாப்புட வந்துடும்மா." பிறகு, தப்புப் பண்ணிவிட்டவர் போல என்னைப் பார்த்தார். "காரணம் சொல்லக்கூடாதுன்னு தம்பி சொல்லிச்சி."

"சொல்லுங்க அத்தை."

"வைகாசி பூரா பரீட்சை. கடலூர்னா மொத நாளே வந்துடணும், ரெண்டு நாளு அடுப்ப மூடணும். பரீட்சைக்குப் போற புள்ளைங்க வெறும் வயித்தோட போவுமா? சிதம்பரம்னா, தாலி கட்டினதும் ஓடிப்போயி ஒரு கொழம்பாவது வெச்சிடுவேன்."

மூன்றாம் பகுதியில் நான் வெட்டிய வாக்கியம் இங்கே முடிகிறது.

மாமா தொண்டையைச் செருமினார். "எனக்கும் அதான் சம்பந்தி. மீன்பிடித் தடை அந்த வாரம் முடியுது. படகு எறங்கறதுக்கு முன்ன அத்தன பேரும் வலைக்கும் கயித்துக்கும் வந்து நிப்பாங்க. நான் கடைய சாத்தினா அவுங்களுக்கு மொத நாள் மீன்பாடு போச்சி. முதுநகர்னா, தாலி கட்டினதும் கடைய தொறந்துடலாம்னு..."

(கடல் வந்துவிட்டது. அந்தக் கடையிலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். மகள் கல்யாணத்தன்று கடை திறக்க நினைக்கிற அப்பா இருப்பார் என்றுதான் தெரியாது.)

"தாலி கட்டினதும் ரெண்டு பேரும் ஓடிப்போறதுக்குத்தான் இத்தன நாளா எடம் பாத்தீங்களா?" என்றாள் வித்யா.

விஜயகுமாருக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு வசனம்தான். அதை அவன் இப்போது பேசினான்: "அப்ப பந்திய யாரு பாக்குறது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

6

காரணம் வெளியே வந்துவிட்டது. முறைப்படி கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் மாமா பேசினார்.

"அப்ப சிதம்பரமே இருக்கட்டும் சம்பந்தி. புள்ளைங்க பட்டினி கெடக்கலாமா. கடைய என் மச்சான்கிட்ட வுட்டுட்டு வரேன்."

"அதெப்புடி? படகு எறங்கற நேரத்துல. முதுநகரே இருக்கட்டும். மெஸ்ஸுக்கு நான் ஆள் போட்டுக்கறேன்."

"உங்க கைக்கு வந்த பசங்க வேற ஆள் கொழம்ப துன்னுமா? போவட்டும், பி.முட்லூர்."

"ஆலப்பாக்கம்னா வரேன்."

அதே ஊர்கள், திசை மட்டும் மாறிவிட்டது. ஒருவருக்காக மற்றவர் இழுத்த இழுப்பில் மறுபடியும் புதுச்சத்திரத்தில் வந்து நின்றோம். வித்யா நெல் மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். ஆண்டி, "அப்ப பந்தலுக்கு சொல்லிடட்டுமா?" என்றார்.

முடிவு ஒன்று: அந்தக் களத்திலேயே கல்யாணம். மாமாவின் கயிற்றில் பந்தல்... (கழுநீர் பிரச்சினை தீரவில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மெஸ் கூடத்திலேயே தாலி. ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நின்ற மாணவர்கள் அட்சதை போட்டுவிட்டு அப்படியே இட்லிக்கு உட்கார்ந்தார்கள். (நன்றாக வருகிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.)

முடிவு மூன்று: கயிற்றுக்கடை வாசலில் தாலி. தோளில் புது வலையோடு... (இதுவும் நன்றாக வருகிறது. சரக்கு இரண்டும் ஒரே தரத்தில் இருந்தால் வியாபாரி வாயைத் திறக்கக்கூடாது.)

7

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. ஒரு மாணவனும் பசியோடு பரீட்சைக்குப் போகவில்லை. தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரும் கயிறு இல்லாமல் திரும்பவில்லை. பந்தியை நான் பார்த்துக்கொண்டேன், அது எனக்குக் கிடைத்த தண்டனை. பத்திரிகையும் கடைசியில் இடம் போட்டுத்தான் அச்சாயிற்று. எந்த இடம் என்று இங்கே எழுதியும் வைத்திருந்தேன். 2012இல் லீவில் வந்த வித்யா இந்த வரைவைப் படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தாள்.

"எங்கன்னு எழுதாத மாமா."

"படிக்கிறவங்க கேப்பாங்களே."

"எழுதினா ஒரு ஊரு ஜெயிச்ச மாதிரி ஆயிடும். எங்கப்பா இன்னும் தான்தான் வுட்டுக்குடுத்ததா சொல்லிகிட்டு திரியறாரு. அத்தை, தான்தான் வுட்டுக்குடுத்தேங்கறாங்க. ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்."

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் நான் மனதார அடித்த வரி அது ஒன்றுதான்.

ஆகவே ப்ரூப்பை அப்படியே உங்கள் பக்கம் தள்ளுகிறேன். தட்சிணாமூர்த்தி சாயங்காலத்துக்குள் கேட்கிறார். உங்களுக்குப் பட்ட ஊரை எழுதுங்கள். இந்தத் தடவை காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு சம்பந்திகளும் பார்ப்பார்கள், அதனால் பென்சிலால் எழுதுங்கள்.

இடம் :