சக்கரத்துக்கு ஒரு கல்

மெத்வல்லியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் பன்னிரண்டு மேசைகளும் நாற்பத்தெட்டு பச்சை நாற்காலிகளும். அத்தனையும் காபிக்கடை ஷவ்கியுடையவை. அவற்றைப் போட்டிருந்த இடம் மட்டும் மெத்வல்லியுடையது.

பத்திரம் கிடையாதுதான். ஆனால் பழைய கெய்ரோவின் அந்தச் சரிவான தெருவில் இருபத்திரண்டு வருடம் கார்களை நிறுத்தியவன் அவன். பதினைந்து கார் நிற்கிற இடத்தில் நாற்பதை அடைப்பான். வருகிறவர்கள் கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தொடாமல், சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே மாட்டிய கார் வெளியே வர வேண்டுமென்றால் மெத்வல்லி கல்லை எடுத்துவிட்டு, குறுக்கே நிற்பவற்றை இடுப்பால் தள்ளி வழிவிடுவான். பெரிய டாக்டர், வக்கீலெல்லாம் "மெத்வல்லி எங்கப்பா?" என்று தேடியிருக்கிறார்கள்.

ஆறு வாரம் முன்பு தெருமுனையில் இரும்புத் தூண்கள் முளைத்தன. காலை ஒன்பது மணிவரை சரக்கு வண்டி வரலாம், பிறகு நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தார்கள். மறுவாரமே ஷவ்கி நாற்காலிகளை இறக்கிவிட்டான். இப்போது எல்லோரும் ஷவ்கியைத் தேடினார்கள். மெத்வல்லியை ஒரு நாய்கூடத் தேடவில்லை. அவன் தூணோரம் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து நாற்காலிகளை முறைத்தபடி பொழுதைக் கழித்தான்.

"ஏன்டா மெத்வல்லி, அந்தத் தூணு எங்கயும் ஓடிடாது. காவல் காத்தது போதும், வந்து தட்டு தூக்கு. நாளைக்கே சேர்த்துக்கிறேன்" என்றான் ஷவ்கி.

"என் இடத்துல நான் உனக்கு எடுபிடியா? வேற ஆளப் பாரு."

"உன் இடமா? சரி, உன் இடத்துல ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போ."

மெத்வல்லி குடிக்கவில்லை. ஷவ்கியின் டீயைக் குடிப்பதற்கு ஷவ்கியின் காலைக் கழுவிக் குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

அதையும் பொறுத்திருப்பான். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் அவன் மனைவி கரீமான் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காய்கறிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தான். அவளோ கொண்டுவந்த நீலத் திண்டை ஓரத்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்து, புதினா டீ சொன்னாள். ஷவ்கி ஏதோ சொல்ல, தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று மெத்வல்லிக்கு நினைவில்லை. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஷவ்கிக்கு ஐஸ்கட்டி ஏற்றிய சின்ன லாரி வந்தது. டிரைவர் பேட்டைக்காரன். பழைய பழக்கம் விடவில்லை. மேட்டில் நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுக் கடைக்குள் போனான். கீழே பச்சை நாற்காலிகள் காலியாக இருந்தன.

மெத்வல்லி அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு கல்லை ஒரு எத்து எத்தினான். அது சாக்கடையோரம் போய் விழுந்தது.

லாரி மெல்லத் தயங்கி, நகர ஆரம்பித்தது. அவனுக்கு ஒரு நிமிடம் இனித்தது. அப்போதுதான் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு கரீமான் வந்தாள். கையில் நீலத் திண்டு. லாரிக்கு முதுகைக் காட்டி, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மெத்வல்லி ஓடினான். உருளும் லாரியின் கதவைத் திறந்து, பாதி உடம்பு வெளியே தொங்க, தன் பிழைப்பில் முதல் தடவையாக ஒரு ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். அவள் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி லாரி நின்றது.

ஷவ்கி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். "உன் கைக்கு மோதிரம் போடணும்டா. எல்லாரும் பாருங்க, மெத்வல்லி இல்லன்னா இன்னைக்கு ஒரு உசுரு போயிருக்கும்." தெருவே மெத்வல்லி, மெத்வல்லி என்றது. ஆறு வாரமாக அவன் ஏங்கிய சத்தம் அது. அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் கரீமான் மேட்டுக்கு நடந்து போனாள். சாக்கடையோரம் கிடந்த கல்லை எடுத்துவந்து அவன் முன்னே மேசைமேல் வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா உன் பொண்டாட்டி நான். கல்லு தானா நழுவினா எங்க கிடக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"நீ வருவேன்னு எனக்குத் தெரியாது கரீமான். சத்தியமா தெரியாது. அவன் டீயக் குடிச்சுச் சிரிச்சியே, அத என்னால தாங்க முடியல."

"இத்தன வருஷம் இந்த இடம் உன் கையில இருந்துச்சு. ஊரான் காரெல்லாம் நின்னுச்சு. ஒரு நாளாவது எனக்கு ஒரு நாற்காலி போட்டியா?"

அவள் பக்கத்து நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தான். ஷவ்கி தானே இரண்டு டீ கொண்டுவந்து, கல்லை நகர்த்திவிட்டு வைத்தான்.

மெத்வல்லி ஒரு வாய் குடித்தான். டீ நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.