எட்டு மணிக்கு நோய், நாலு மணிக்கு நீச்சல்

நோயாளி என்றால் நாள் முழுக்க நோயாளியாக இருக்க வேண்டும் என்பது கிளை மேலாளர் சிலுங்வேயின் கொள்கை. காலையில் படுத்துவிட்டு மாலையில் எழுந்துகொள்ளும் நோய்களை அவர் அங்கீகரிப்பதில்லை.

சோல்வேக்கு வந்த முடக்குவாதத்துக்கு இந்தக் கொள்கை தெரிந்திருக்கவில்லை. விடியும்போது அவள் விரல்கள் பத்தும் விறகுக் கட்டை. குளியலறைக் குழாயைத் திருப்பக்கூட மகளைக் கூப்பிட வேண்டும். பத்து மணிக்குமேல்தான் மூட்டுகள் மனமிரங்கும். பிற்பகலில் பார்த்தால் எதுவுமே நடக்காததுபோல் இருப்பாள்.

அலுவலகமோ எட்டு மணிக்குத் திறந்தது. லிவிங்ஸ்டன் நகரத்து மினிபஸ் ஓட்டுநர்கள் அதற்கு முன்பே வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய காப்பீட்டுத் தாள்களில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது சோல்வேயின் வேலை. பதினாறு வருஷம் ஒற்றைக் கையால் குத்தியவள், இப்போது இரண்டு கையாலும் கட்டையைத் தூக்கி, உரலில் சோளம் இடிப்பதுபோல் இறக்கினாள்.

"அம்மா, முத்திரை குத்துறீங்களா, நஷிமாக் களிக்கு மாவு இடிக்கிறீங்களா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

"உனக்கும் சேத்துத்தான் இடிக்கிறேன், நில்லு."

ஆலோசனைக்கு அலுவலகத்தில் பஞ்சமே இல்லை. காசாளர் தக்காளியை விடச் சொன்னார். காவலாளி தன் சபையின் ஆசீர்வதித்த எண்ணெயைக் கொண்டுவந்தார். தெருவைக் கடந்து ரொட்டி வாங்கவும் கார் எடுக்கும் சிலுங்வே, "உடம்ப அசைக்கணும்மா. உக்காந்தே கெடந்தா இப்படித்தான்" என்றார். சோல்வே வாய்விட்டு நன்றி சொன்னாள்.

அதையேதான் மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் தெம்வானியும் சொன்னாள். ஆனால் அவளுக்கு விஷயம் தெரியும்.

"மூட்டு வீங்கிக் கொதிக்கிற நாள்ல சும்மா இருங்கக்கா. மத்த நாள்ல சும்மா இருந்தீங்கன்னா துருப்புடிச்சுடும். தண்ணிக்குள்ள நடங்க, நீந்துங்க. ஒங்க கனத்த தண்ணி தூக்கிக்கும். மாத்திரைய மட்டும் விட்றாதீங்க. நீச்சல் அதுக்குப் பதில் இல்ல."

சபைத் தோழி ஒருத்தி ஆற்றோர விடுதியில் மேற்பார்வையாளர். சனிக்கிழமை நாலு மணிக்கு அங்குள்ள நீச்சல் குளத்தில் சோல்வே இறங்க அவள் அனுமதி வாங்கித் தந்தாள். மூன்றே மாதத்தில் தோள் வலி குறைந்தது. அந்தத் துணிச்சலில் சோல்வே ஒரு விண்ணப்பம் எழுதினாள்: எட்டு முதல் நாலுக்குப் பதில், பத்து முதல் ஆறு வரை வேலை செய்ய அனுமதி வேண்டும். மருத்துவர் கடிதத்தையும் இணைத்தாள். சிலுங்வே அதைப் பத்திரமாகத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

அப்போதுதான் பக்கத்து மேஜை முபிதா அந்த விடுதிக்கு ஒரு கல்யாண விருந்துக்குப் போனான். அவன் லோசி, அவள் தோங்கா. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. அந்த உரிமையில் அவள் நீந்துவதைப் படமெடுத்து அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டான்: "தோங்கா முறைப்பொண்ணு மாட்டுக் குட்டைய விட்டுட்டு ஓட்டல் குளத்துல எறங்கிட்டா!"

குழுவே சிரித்தது. சிலுங்வே மட்டும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: நோயென்று பொய் சொல்லிச் சலுகை கோரியது குறித்து விசாரணை, புதன் காலை ஏழரை மணி. உடற்பயிற்சி செய்யச் சொன்னவரே செய்ததற்கு ஆதாரம் சேர்த்துவைத்திருந்தார்.

விசாரிக்க லுசாகா தலைமையகத்திலிருந்து திருமதி கலுபா வந்தார். சாட்சி நாற்காலியில் முபிதா, வேர்த்துப்போய்.

"அம்மா, நான் வெளாட்டுக்குப் போட்டேன்…"

"வெளாட்டோ வெனையோ, கை நல்லா வீசுதா இல்லையா?" என்று சிலுங்வே படத்தை நீட்டினார்.

"வீசுது."

"அவ்வளவுதான். எட்டு மணிக்கு நோயாம், நாலு மணிக்கு நீச்சலாம்!"

கலுபா வருகைப் பதிவேட்டை சோல்வே பக்கம் தள்ளினார். "மொதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா விசாரணை செல்லாது."

சோல்வே பேனாவை எடுத்தாள். விழுந்தது. மறுபடி எடுத்தாள். கட்டைவிரல் மடங்க மறுத்தது. மேஜைக்கு அடியில் உருண்ட பேனாவை முபிதா எடுத்துத் தந்தான். ஒரே அறையில் எட்டு வருஷம் உட்கார்ந்தவன், அப்போதுதான் அவள் விரல் முட்டிகளைப் பார்த்தான். வேர்க்கடலை ஓடுபோல் முண்டும் முடிச்சுமாக இருந்தன. அவன் முகம் சுருங்கியது.

"நடிப்பு" என்றார் சிலுங்வே.

"கைரேகை வச்சிடவா?" என்று சோல்வே கேட்டாள்.

"விதியில கையெழுத்துன்னுதான் இருக்கு. நீங்க எப்போ போட முடியும்?" என்றார் கலுபா.

"பத்து மணிக்கு. விண்ணப்பத்துல அதத்தான் எழுதியிருந்தேன்."

அந்த விண்ணப்பத்தைக் கலுபா பார்த்ததே இல்லை. சிலுங்வே தன் அறைக்குப் போய், வட்ட வட்டமாகத் தேநீர்க் கறை பிடித்த தாளோடு திரும்பினார். கலுபா படிக்கத் தொடங்கினார். மருத்துவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். முபிதாவே ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். சோல்வே கைகளை அமிழ்த்தி, விரல்களை விரித்தாள், மூடினாள், விரித்தாள். வலித்தது, அதைவிட, மூன்று பேர் பார்க்கச் செய்தது கூசியது. வெளியே ஓட்டுநர்கள் கதவைத் தட்டினார்கள். முத்திரை குத்த ஆளில்லை. பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு அவள் முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

"பாத்தீங்களா!" என்று சிலுங்வே துள்ளினார். "எழுதுறா!"

"பாத்தேன்," என்றார் கலுபா. "மணியையும் பாத்தேன்."

அன்று மதியமே பத்து முதல் ஆறு என்று உத்தரவாயிற்று. முபிதா பின்கட்டில் அவளிடம் வந்து நின்றான்.

"முறைப்பொண்ணே, கேலிக்கும் ஒரு அளவிருக்கு. நான் தாண்டிட்டேன்."

"தாண்டத்தான் செஞ்ச. நாளையிலேர்ந்து எட்டு மணி முத்திரைய நீ குத்து."

குத்தினான். முணுமுணுத்துக்கொண்டேதான். சாயங்காலம் நாலு மணிக்குமேல் கவுண்டர் திறந்திருப்பது தெரிந்ததும், கடைசி நடை முடித்த ஓட்டுநர்களெல்லாம் சோல்வேயிடம் வந்து குவிந்தார்கள். காலை வரிசை பாதியாயிற்று. சில நாள் பத்து மணியும் போதவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் வீங்கி இரண்டு வாரம் படுத்தாள், மருந்தை மாற்றினார்கள், திரும்பி வந்தாள்.

வருஷக் கடைசியில் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வாடிக்கையாளர் நலனை மனதில் கொண்டு தன் சொந்த யோசனையில் மாலை நேர சேவையைத் தொடங்கிய லிவிங்ஸ்டன் மேலாளர் சிலுங்வேக்குப் பாராட்டு. சோல்வே அதை உரக்கப் படித்தாள், முத்திரைக் கட்டையை எடுத்தாள், சுற்றறிக்கையின் நெற்றியில் ஒற்றைக் கையால் ஓங்கி ஒன்று குத்திக் கோப்பில் சேர்த்தாள்.