காத்திருப்பு ஒருநாள் விட்டு ஒருநாள்

கீழப்பொய்கையில் அந்த ஐப்பசியிலிருந்து காத்திருப்பு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. காலையில் திறந்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அடைத்துவிடுவார்கள்.

அறிவிப்பு வழக்கம்போல ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வந்தது.

"பேரூராட்சிப் பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு. பருவமழையை முன்னிட்டு, யாருக்காகவாவது காத்திருப்போர் காத்திருப்பைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும். டயர், சிரட்டை, ஆட்டுக்கல் ஆகியவற்றில் பழைய நாள் தேங்கியிருந்தால் உடனே கவிழ்த்துவிடவும். பழைய நாளில் கொசு முட்டையிடும். மோட்டார் வைத்து உறிஞ்சுவோரின் இணைப்பு துண்டிக்கப்படும். நாய் வளர்ப்போர் நாயிடமும் இதைத் தெரிவிக்கவும்."

சொரிமுத்து தன் வீட்டு முகப்பில் இருந்த பஞ்சர் கடையில் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். அறிவிப்பைக் கேட்டதும் கை நின்றுவிட்டது. குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

ஆறு வருடமாக அவர் ஒரு நாள்கூட விடாமல் மகளுக்காகக் காத்திருக்கிறார். சங்கரகோமதி என்று பெயர். கோமு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு என்று பஸ் ஏறிப் போனாள். ஒரு பொங்கலுக்கு வந்தாள். மறு பொங்கலுக்குப் போனில் பேசினாள். அதற்கப்புறம் அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்து, தான் கோமு இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். பெண்டாட்டி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவருக்கு இருப்பது இந்த ஒரு வேலைதான்.

காத்திருக்க ஆளில்லாத வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது கீழப்பொய்கையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வழி தெரியாது, பாவம். காத்திருப்புதான் இழுத்துக்கொண்டு வரவேண்டும். அந்த வருடம் மழை பிந்தியதால் ஊரே மழைக்காகக் காத்திருந்து, மேல்நிலைத் தொட்டியில் மட்டம் இறங்கிவிட்டது. மழை வந்துவிட்டது. காத்திருப்புதான் தீர்ந்துவிட்டது.

வால்வு திறந்துவிடுகிற ஐசக் நீண்ட இரும்புச் சாவியோடு தெருமுனைக்கு வந்தான். குழியில் சாவியை விட்டுத் திருகினான். சொரிமுத்து வீட்டுக் குழாய் முதலில் காற்றை விட்டது. பிறகு காத்திருப்பு வந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. குடம் கனக்கும், அவ்வளவுதான்.

அவர் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். அன்றைக்குக் குடை வந்தது.

பஸ் நிலையத்துப் பக்கமிருந்து விரித்தபடியே வந்தது. கீழே ஆள் இல்லை. வாசலுக்கு வந்ததும் மடங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தது. கோமுவின் குடைதான். பிய்ந்த கம்பியை அவரே மஞ்சள் நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். அந்த நூல் இன்னும் இருந்தது.

"பிரஷர் கம்மி அண்ணாச்சி," என்றான் ஐசக். "இந்தப் பிரஷருக்குச் சாமான்தான் வரும். ஆளு வரணும்னா முழுசாத் தொறக்கணும்."

"தொறயேன்டே."

"முழுசாத் தொறந்தா மேலத் தெருவுக்கு ஏறாது."

அடுத்த முறைக்கு இடதுகால் செருப்பு வந்தது. அதற்கடுத்த முறைக்கு அவள் இருமல் வந்தது. சின்ன வயதிலிருந்து அவளுக்கு மழைக்காலத்தில் வருகிற இருமல். நிலைவாசலில் நின்று இரண்டு தரம் இருமியது. சொரிமுத்து ஓடிப்போய்த் தம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து நீட்டினார். அது குடிக்கவில்லை. உள்ளே போய் அவள் படுக்கிற மூலையில் இருந்துகொண்டது.

அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில்தான். துண்டு துண்டாகவாவது வருகிறாளே. தை பிறப்பதற்குள் முழுசாகச் சேர்ந்துவிடுவாள் என்று தோன்றியது.

அந்த வாரத்தில் கொசு ஒழிப்புப் பெண்கள் இருவர் வந்தார்கள். நீலக் கோட்டு போட்டிருந்தார்கள். நேரே பின்கட்டுக்குப் போனார்கள். அங்கே முருங்கை மரத்தடியில் பழைய லாரி டயர் ஒன்று கிடந்தது. அதில் ஒரு நாள் தேங்கியிருந்தது.

அது கோமு பஸ் ஏறிய நாள். சொரிமுத்து தினமும் போய் எட்டிப் பார்ப்பார். தூக்குவாளியில் எலுமிச்சம்பழச் சோறு, ஜன்னலோரத்துச் சீட்டு, 'போய்ட்டு வாரேன்ப்பா' என்று அவள் சொன்னது, டீசல் நாற்றம் எல்லாம் அதில் கலங்காமல் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி, ஆட்டோவுல சொன்னத கேக்கலியா? எம்புட்டுப் புழு நெளியுது பாருங்க," என்றாள் மூத்தவள்.

"அத மட்டும் விட்டுருங்கம்மா. மூடி போட்டு வச்சிக்கிடுதேன்."

"ஒருத்தருக்கு விட்டா ஊருக்கே விடணும்."

இளையவள் டயரைத் தூக்கிக் கவிழ்த்தாள். நாள் சாக்கடையில் ஓடியது. டீசல் நாற்றம் மட்டும் கொஞ்ச நேரம் முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப என்னாகும்?" என்று கேட்டார் சொரிமுத்து.

"ஒண்ணும் ஆவாது. அந்த நாள்ல நடந்தது நடக்காமப் போவும். அம்புட்டுதான்."

சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் தேதி எழுதிவிட்டுப் போனார்கள்.

சொரிமுத்துவுக்குச் சட்டென்று ஓர் எண்ணம் வந்தது. அன்றைக்கு நடந்தது நடக்கவில்லை என்றால் அவள் போகவே இல்லையே. வீட்டுக்குள்தானே இருக்க வேண்டும். அவர் அறை அறையாக ஓடினார். அடுப்படியில் பார்த்தார். பத்தாயத்துக்குப் பின்னால் பார்த்தார். மூலையில் இருமல் மட்டும் இருந்தது. வீடு எப்போதையும்விடக் காலியாக இருந்தது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை என்றால் ஒரு பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? அந்த மனுஷன் அப்படியே அடுப்படியில் குந்திவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் குழாயில் காத்திருப்பு நூலாகத்தான் வந்தது. பிறகு நூலும் அறுந்தது. அடுத்த வீட்டில் ர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

அடுத்த வீடு வடிவு என்கிறவளுடையது. புருஷன் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. பெரிய வீடு, மாடியில் கறுப்புத் தொட்டி. அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஆனாலும் மோட்டார் வாங்கிப் போட்டிருந்தாள். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். தேவையோ இல்லையோ, தொட்டி நிறைந்திருந்தால் ஒரு தெம்பு.

தொட்டி நிறைய நிறைய அவள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு பட்டாளத்துக்காரர் பெட்டியோடு வந்தார். கடைத்தெரு மளிகைக்காரர் மஸ்கட்டிலிருந்து எதிர்பார்த்திருந்த மகன் வந்து வடிவின் காலில் விழுந்தான். ஒரு கல்யாணப் பெண் மாலையோடு வந்து தண்ணீர் கேட்டாள். படிக்கட்டில்கூட ஆள் படுத்திருந்தது. வடிவு எல்லோருக்கும் தோசை வார்த்தாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுத் தோசையும் சாப்பிட்டார்கள்.

சொரிமுத்து போய்க் கேட்டார்.

"வடிவு, நீ உறிஞ்சுதது எனக்குள்ள காத்திருப்புல்லா."

"கொழாயில பேரா எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"கோமு வந்துக்கிட்டிருக்கா. செருப்புவரைக்கும் வந்துட்டா."

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகம் இளகித்தான் போயிற்று.

"நானும் மோட்டார நிறுத்தத்தான் பாக்கேன். நிறுத்துனா வீடு கம்முனு ஆயிருது. அந்தச் சத்தம் எனக்குத் தாங்கல," என்றாள். பிறகு அவருக்கும் ஒரு தோசை வைத்தாள்.

அவர் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். செயல் அலுவலரின் அறை நடக்க நடக்கத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு வேளைக்குத்தான் அது நிற்கும் என்று காவலாளி சொன்னார். சொரிமுத்து காத்திருக்கலாம் என்று பார்த்தார். அன்றைக்குக் குழாய் முறை இல்லாத நாள். ஆகவே நடந்துகொண்டே இருந்தார். சோற்று வாடை வந்ததும் அறை நின்றது.

அலுவலர் தயிர்ச்சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன புகார்?"

"அடுத்த வீட்ல மோட்டார் போட்டு உறிஞ்சுதாவ சார். எம் மவளுக்குக் காத்திருக்க முடியல."

"மக எங்க?"

"திருப்பூர் போயிருக்கா."

"எந்த நாள் போனாங்க?"

சொரிமுத்து வாயைத் திறந்தார். அந்த நாளைத்தான் சாக்கடையில் கொட்டியாயிற்று. நாக்கில் டீசல் ருசி மட்டும் இருந்தது.

"நாள் தெரியல சார்."

"அப்ப போகவே இல்ல. போகாத ஆளு எப்படிய்யா திரும்பி வரும்?"

"செருப்பு வந்துருக்கு சார்."

"செருப்பு வந்ததுக்குச் சந்தோசப்படுங்க."

"அந்த மோட்டாரையாவது நிறுத்தச் சொல்லுங்க."

"சொல்லிட்டோமே. ஆட்டோவுல கேக்கலியா?"

"சொன்னா நிறுத்திருவாவளா?"

"ஞாபகப்படுத்துறதுதான் எங்க வேல. ஊதுற சங்க ஊதியாச்சு," என்று அலுவலர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். அறை மறுபடி நகரத் தொடங்கியது. சொரிமுத்து வெளியே வந்து விழுந்தார்.

மார்கழியில், குழாய் முறை இல்லாத ஒரு நாளில் கோமு வந்தாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தாள். வலதுகாலில் மட்டும் செருப்பு இருந்தது. அத்தனை ஈரத்திலும் அவள் இருமவில்லை. ஆறு வருடத்தில் கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மற்றபடி அவளேதான்.

சொரிமுத்து எழுந்தார். அவள் அவர் வாசலைத் தாண்டிப் போனாள். முறை இல்லாத நாளிலும் அடுத்த வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நேரே போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

"எம்மா," என்றாள்.

வடிவு கதவைத் திறந்தாள். சொரிமுத்துவைப் பார்த்தாள். கோமுவைப் பார்த்தாள். பிறகு, "வா ராசாத்தி. நனைஞ்சிட்டியே," என்று முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள்.

"கோமு," என்று கூப்பிட்டார் சொரிமுத்து.

அவள் திரும்பினாள். "என்னயவா கூப்புட்டீய மாமா?"

வடிவு அவர் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினாள். "எனக்கும் ஒருத்தர் இல்லல்லா அண்ணாச்சி."

அவளைத் திட்ட வாய் வந்தது. திட்டினால் பிள்ளை பயந்து எங்காவது போய்விடுவாளோ என்று அடக்கிக்கொண்டார். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவருக்குக் கைக்கும் எட்டவில்லை, நாலு அடி தள்ளி நின்றது. அவர் உள்ளே போய் இடதுகால் செருப்பை எடுத்துவந்து அவள் காலடியில் போட்டார்.

அவள் போட்டுப் பார்த்தாள். "அளவு எடுத்த மாதிரி இருக்கு மாமா. யாருக்குள்ளது?"

"எம் மவளுக்குள்ளது."

"அவ தேடமாட்டாளா?"

"தேடமாட்டா. நீ போட்டுக்கோ."

குடையையும் கொடுத்தார். அவள் விரித்துப் பார்த்து, மஞ்சள் நூலைத் தடவினாள். "யாரோ நல்லாத் தச்சிருக்காவ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இருமலை மட்டும் அவர் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார். அவள் கேட்கவில்லை.

பங்குனியில் ஆட்டோ மறுபடி வந்தது.

"பேரூராட்சிப் பொதுமக்களுக்கு ஓர் இனிய செய்தி. கோடைக்காலத்தை முன்னிட்டு, இன்று முதல் காத்திருப்பு நாள் முழுவதும் தங்குதடையின்றி வழங்கப்படும். யாரும் வீணாக்க வேண்டாம். வீட்டில் இல்லாதவர்கள் வெயிலில் வெளியே செல்வதைத் தவிர்க்கவும்."

ஐசக் வால்வை முழுசாகத் திறந்துவிட்டு ஓடிவந்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"முழு பிரஷர் அண்ணாச்சி! இனிமே சாமான் இல்ல, ஆளே வரும். யாருக்குக் காத்திருக்கப் போறீய?"

அடுத்த வீட்டு வாசலில் கோமு கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். சின்ன வயதில் அவர் அவளுக்குப் பழக்கிக் கொடுத்த மாதிரியே, புள்ளி வைத்துவிட்டு ஒரு தரம் எட்ட நின்று பார்த்தாள்.

"ஒருத்தருக்கும் இல்லடே," என்றார் சொரிமுத்து.

குழாயை அடைக்கப் போனார். அது அடைபடவில்லை. குடம் நிறைந்தது, அண்டா நிறைந்தது, பஞ்சர் பார்க்கிற தொட்டி நிறைந்து தரையெல்லாம் கனத்தது. நடக்கக் கால் வரவில்லை. உள்ளே மூலையில் இருமல் இரண்டு தரம் இருமியது.

அவர் தம்ளரில் வெந்நீர் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நீட்டிய கையை மடக்கவில்லை. அது குடிக்கவில்லை.