ஓர்வில் துப்பாக்கிக்குப் புதுக் கண்

வேட்டைக் காலம் திறக்கச் சில நாட்களே இருக்கையில் டெல்பர்ட் தன் அக்காள் புருஷன் ஓர்விலுக்கு ஒரு பரிசு வாங்கி வந்தான். லாஸ்ட் மிட்டன் ஊரில் இது லேசுப்பட்ட செய்தி இல்லை. டெல்பர்ட் அதற்கு முன் கடைசியாக இன்னொருவருக்குக் கொடுத்தது சளிக்காய்ச்சல். அதிலும் பாதியைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தான் என்று மொன்டானாவின் அந்த மூலையில் பேச்சு.

பரிசு உள்ளங்கையில் அடங்கிவிடும் எஃகுச் சாமான். துப்பாக்கியின் இடுப்பில் திருகி மாட்டுகிற வளையம் ஒன்று. அதற்கு ஜோடியாக, குழல் நுனியில் செருகுவதற்கு, தலையில் பித்தளைப் பொட்டு வைத்த உயரமான குறிமுள் ஒன்று. வளையத்தின் ஓட்டை வழியே பார்த்து, பொட்டை மானின் மேல் வைத்து, விசையை இழுத்தால் தீர்ந்தது. வயசான கண்ணுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

ஓர்விலின் கண்ணுக்கு வயசாகிவிட்டது என்பது ஓர்விலைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போன கோடையில் அவன் ஒரு தபால்பெட்டியைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். அது பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அதனோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கைப்பிடியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் அவனுடைய அப்பா காலத்து லீவர் துப்பாக்கியில் குழலின் மேல் காடி வெட்டிய ஒரு தகடுதான் இருந்தது. அந்தக் காடியைக் கண் முன்னால் கொண்டுவந்தால் மான் மறைந்துவிடும், மானைக் கொண்டுவந்தால் காடி கரைந்துவிடும். ஓர்வில் இதற்குப் பனிமூட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

டெல்பர்ட்டின் கவலை ஓர்விலின் கண்ணைப் பற்றியது இல்லை. தன் வயிற்றைப் பற்றியது.

வேட்டை திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை ஓர்வில், டெல்பர்ட், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ராய்ஸ் ஆகிய மூவரும் ஊருக்கு வெளியே சரளைக்கல் தோண்டிய குழிக்குப் போவார்கள். ஒரு பலகையில் மூன்று காகிதத் தட்டுகளை ஆணியடித்து, நூறு கஜம் தள்ளி நின்று, ஆளுக்கு மூன்று தோட்டா சுடுவார்கள். எவன் தட்டில் ஓட்டை குறைவோ அவன்தான் அந்த வருஷம் மலை முகாமில் சமையல். மற்ற இருவரும் எல்க் மான் தேடிப் போக, அவன் கூடாரத்தில் உட்கார்ந்து அடுப்பை ஊத வேண்டும்.

போன வருஷம் ஓர்விலின் தட்டு கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரியே இருந்தது. அதைக் கழற்றி எடுத்துப்போய் முகாமில் அதிலேயே சாப்பிட்டான்.

சமைத்ததுதான் விஷயம். ஓர்வில் பீன்ஸ் குழம்பு வைத்தான். டின் பீச் பழத்தையும் டின் மத்தி மீனையும் அதில் கவிழ்த்து, காப்பிப் பொடி கொஞ்சம் தூவினான். மணம் பிடித்துக்கொண்டு ஒரு கரடி வந்தது. சட்டியில் வாயை வைத்தது. சற்று யோசித்தது. பிறகு மூடியை எடுத்துச் சட்டியை மூடி, அதன் மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் கரடி நடமாட்டமே இல்லை. வனத்துறையார் காரணம் தெரியாமல் இன்னும் திண்டாடுகிறார்கள்.

இதை நேருக்கு நேர் சொல்லலாமே என்றால், முடியாது. ஓர்வில் தன் சுடுதிறமையில் சந்தேகம் வந்தாலும் வரவிடுவான், கைப்பக்குவத்தில் வரவிடமாட்டான். அவன் மனைவி வெர்லா தன் தம்பி டெல்பர்ட்டைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தாள்.

"டேய் டெல்பர்ட், அந்த மனுஷன் சமையலைப் பத்தி ஒரு வார்த்தை வாயத் தொறந்தே, உங்க மூணு பேருக்கும் நானே வந்து ஆக்கிப் போடுவேன். ஆமா, அந்தச் சமையலை அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

ஆகவே டெல்பர்ட் வாயைத் திறக்கவில்லை. ஓர்வில் இந்த வருஷம் தட்டில் ஓட்டை போட்டாக வேண்டும். அதற்காகத்தான் பரிசு.

செவ்வாய்க்கிழமை ஓர்விலின் பட்டறைக் கொட்டகையில் துப்பாக்கியைத் தோல் சுற்றி மேஜை இடுக்கியில் பூட்டினார்கள். ஓர்வில் வளையத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். பிறகு அதன் ஓட்டை வழியாக டெல்பர்ட்டைப் பார்த்தான்.

"எதுக்குடா குடுக்கறே?"

"சும்மாத்தான்."

"நீ சும்மா தும்மக்கூட மாட்டியே. இதுல ஏதோ சூது இருக்கு. இதை மாட்டிக் குறி தப்பவெச்சு, வருஷா வருஷம் நானே ஆக்கிப் போடணும்னு பாக்கறே. போன வருஷம் குழம்பு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

டெல்பர்ட் பதில் சொல்ல வாயெடுத்து, வெர்லாவை நினைத்து மூடிக்கொண்டான். அது போதும் ஓர்விலுக்கு. சூது உறுதி என்று முடிவு கட்டிவிட்டான். அந்த நிமிஷத்திலிருந்து டெல்பர்ட் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்வது என்று வைத்துக்கொண்டான்.

பழைய காடித் தகட்டை முதலில் கழற்ற வேண்டும். அது குழலில் வெட்டிய பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறுகி உட்கார்ந்திருக்கும். சுடுகிறவனுக்கு இடப்பக்கமிருந்து பித்தளைக் கோலை வைத்துத் தட்டினால் வலப்பக்கமாக வெளியே வரும். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்படுகிற விஷயம் இது.

"இடதுலேருந்து வலதுக்குத் தட்டு ஓர்வில்."

ஓர்வில் வலதிலிருந்து இடதுக்குத் தட்டினான். தகடு இன்னும் இறுகியது. பெரிய சுத்தியலை எடுத்தான். தகடு இன்னும் இன்னும் இறுகியது. டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் ஓர்விலின் நோக்கம் பிடிபட்டது.

"ரொம்ப சரி. அப்படியே வலதுலேருந்தே போடு. விட்டுடாதே," என்றான்.

ஓர்வில் உடனே கோலை இடப்பக்கம் மாற்றினான். நாலு தட்டு. தகடு வெளியே வந்து தகர டப்பாவுக்குள் குதித்தது.

அதற்குப் பிறகு வேலை வெண்ணெய் மாதிரி நடந்தது. "திருகுக்கு எண்ணெய் விடாதே" என்றால் விட்டான். "வளையத்தை ஆடவிட்டு மாட்டு" என்றால் ஆடாமல் முறுக்கினான். "இந்த வளையம் பழைய தகட்டைவிட உசரம், அதனால பழைய குட்டைக் குறிமுள்ளே இருக்கட்டும், குண்டு வானத்துல போனாப் போகுது" என்று சொல்லி வாய் மூடுமுன் உயரமான குறிமுள்ளைச் செருகித் தட்டி முடித்துவிட்டான். பொட்டு பளபளவென்று நின்றது. டெல்பர்ட்டுக்குத் தன் மேலேயே மரியாதை வந்தது.

வியாழக்கிழமை ஒத்திகை. சரளைக்குழியில் ஒரே ஒரு தட்டை மாட்டி ஓர்வில் சுட்டான். வளையத்தின் வழியே பார்த்தவன், தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி வளையத்தில் கண்ணை வைத்தான்.

"என்னாச்சு?"

"அந்த மேட்டுல ஒரு மரம் இருக்குடா."

"அது நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு."

குண்டுகள் நெருக்கமாக, ஒரு கையளவு இடத்துக்குள் விழுந்திருந்தன. ஆனால் தட்டுக்கு ஒரு சாண் இடப்பக்கம். குறிமுள்ளைச் சற்று நகர்த்த வேண்டும். இதில்தான் சிக்கல். குண்டு எந்தப் பக்கம் தப்புகிறதோ அந்தப் பக்கமே முள்ளைத் தட்ட வேண்டும். மற்ற எந்த வேலையிலும் இல்லாத தலைகீழ்க் கணக்கு இது. இடதுக்குத் தப்பினால் இடதுக்கே தட்டு.

டெல்பர்ட் கணக்குப் போட்டான். ஓர்வில் இடதுக்குத் தட்ட வேண்டும். ஆகவே சொல்ல வேண்டியது வலது.

"வீட்டுக்குப் போய் முள்ளை வலதுக்கு ஒரு தட்டு தட்டு. மறக்காதே. வலது," என்றான். கொட்டகைக்குக் கூடப் போய் நின்று பார்த்திருக்கலாம். வேலைதான் வெண்ணெய் மாதிரி நடக்கிறதே என்று நேரே வீட்டுக்குப் போய்விட்டான்.

ஓர்வில் வீட்டில் வெர்லா அவனைப் பிடித்துக்கொண்டது டெல்பர்ட்டுக்குத் தெரியாது.

"ஏன்யா, அந்தப் பையன் ஆசையா வாங்கிக் குடுத்திருக்கான். நீ என்னடான்னா அவன் சொல்றதுக்கெல்லாம் ஏட்டிக்குப் போட்டி பண்றியாமே? எங்க வீட்டு ஆளுன்னா உனக்கு எளக்காரமா?"

ஓர்வில் உலகத்தில் யாருக்கும் பயப்படாதவன். வெர்லாவுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்து வைத்திருந்தான். கொட்டகைக்குப் போனான். டெல்பர்ட் சொன்னதை வாழ்க்கையில் முதல்முறையாக அப்படியே செய்தான்.

சனிக்கிழமை மூன்று பேரும் குழிக்கு வந்தார்கள். பலகையில் தட்டுகள் இரண்டு சாண் இடைவெளியில். இடது கோடியில் டெல்பர்ட்டினுடையது, நடுவில் ஓர்விலினுடையது, வலது கோடியில் ராய்ஸினுடையது. டெல்பர்ட்டின் பிக்கப் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி, அதன் மேல் மணல் மூட்டை போட்டுத் துப்பாக்கிகளைச் சாய்த்தார்கள். மூன்றும் ஒரே ரகத் தோட்டா தின்னும் லீவர் துப்பாக்கிகள். மூவரும் ஒரே நேரத்தில் சுடுவார்கள். எல்லாம் முடிந்தபின் சேர்ந்து நடந்துபோய்ப் பார்ப்பார்கள்.

டெல்பர்ட் லீவரைத் தள்ளி இழுத்தான். பீச் பழமும் மத்தியும் கலந்த அந்த வாசம் எங்கிருந்தோ மூக்கில் ஏறியது. ஓர்வில் முள்ளைச் சரியாகத் தட்டியிருப்பானா? கை நடுங்கினால்? தும்மினால்? இந்த வருஷம் ஆண் எல்க் சுடும் அனுமதிச்சீட்டு குலுக்கலில் டெல்பர்ட்டுக்கு விழுந்திருந்தது. பத்து வருஷமாக எழுதிப்போட்டு இப்போதுதான் விழுந்தது. எல்க்கையும் வயிற்றையும் அவன் ஒரு நிமிஷம் தராசில் வைத்துப் பார்த்தான். வயிறு கனமாக இருந்தது.

சரி, நானே சமைத்துத் தொலைக்கிறேன் என்று முடிவு செய்து, தன் தட்டை விட்டு மெதுவாகக் குழலைத் திருப்பி, ஓர்விலின் தட்டில் மூன்று தோட்டாவையும் போட்டான்.

புகை அடங்கியது. நடந்தார்கள்.

ராய்ஸின் தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஓர்விலின் தட்டில் ஆறு ஓட்டை.

டெல்பர்ட் ராய்ஸைப் பார்த்தான். ராய்ஸ் வானத்தைப் பார்த்தான். ராய்ஸுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறது என்பது டெல்பர்ட்டுக்குத் தோன்றாமல் போயிருந்தது.

"யோவ், நீயுமா?" என்று டெல்பர்ட் பல்லுக்குள் கேட்டான்.

"நீ போடுவேன்னு நான் கண்டேனா?" என்றான் ராய்ஸ், வானத்திடம்.

அப்படியென்றால் ஓர்வில் சுட்டது எங்கே? டெல்பர்ட் தன் தட்டைத் திரும்பிப் பார்த்தான். நட்ட நடுவில், ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடக்கூடிய இடத்தில், மூன்று ஓட்டை. டெல்பர்ட் தன் வாழ்நாளில் அந்த மாதிரி சுட்டதில்லை. ஓர்வில் முள்ளை வலதுக்குத் தட்டியிருக்கிறான் படுபாவி, குண்டு இன்னும் ஒரு சாண் இடதுக்கு வந்துவிட்டது. சொன்னபடி கேட்டிருக்கிறான்!

ஓர்வில் தன் தட்டை ஆணியிலிருந்து எடுத்து, கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான்.

"மூணு சுட்டேன். ஆறு இருக்கு," என்றான் நிதானமாக.

பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பின்னாடி அந்தப் பாறை இருக்கு பாரு. மூணும் போய் அதுல பட்டுத் திரும்பி வந்திருக்கு. போன ஓட்டை வழியாவே வந்தா மரியாதை இல்லேன்னு பக்கத்துலயே தனியாப் போட்டுக்கிட்டு வந்திருக்கு. நல்ல வளையம்டா இது. உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன் டெல்பர்ட்."

"பரவால்ல," என்றான் டெல்பர்ட். கணக்கு அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓர்விலுக்கு ஆறு, தனக்கு மூன்று, ராய்ஸுக்கு ஒன்றுமில்லை. ராய்ஸ்தான் சமையல். ராய்ஸ் இரும்புச் சட்டியில் சுடும் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியைத் தின்பதற்காகவே முன்பு ஒரு பாதிரியார் மதம் மாறியிருக்கிறார். எல்க்கும் தனக்கு, பிஸ்கட்டும் தனக்கு. டெல்பர்ட் சிரிப்பை அடக்கப் பலகையடியில் கிடந்த பழைய ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

ஓர்வில் ராய்ஸின் தோளில் கை போட்டான்.

"எப்பலேருந்து கண்ணு தெரியலை உனக்கு?"

"எனக்கா?"

"மறைக்காதே. நானும் அதுல இருந்து வந்தவன்தான். பனிமூட்டம்னு சொல்லிச் சமாளிக்கத் தோணும். தட்டுல ஒண்ணுகூட இல்லையே ராய்ஸ்! இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு அடுப்புகிட்டப் போனா கையைச் சுட்டுக்குவே. நீ பேசாம உக்காரு. உனக்குப் பதிலா நான் சமைக்கறேன்."

டெல்பர்ட் பொறுக்கிய ஆணியெல்லாம் கீழே கொட்டின.

"அதெப்படி ஓர்வில்? தோத்தவன்தான் சமைக்கணும். அதுதானே சட்டம்?"

"ஜெயிச்சவன் மனசு வச்சா சட்டம் என்னடா சட்டம்."

டெல்பர்ட் வாயைத் திறந்தான். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம். அந்த ஆறும் எங்களுடையது, உன் தட்டில் உன்னுடையது ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் ஓர்வில் தோற்றவன். தோற்றவன்தான் சமையல். சொல்லாவிட்டால் ஓர்வில் ஜெயித்தவன். அப்போதும் அவன்தான் சமையல். டெல்பர்ட் இந்தக் கணக்கை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் போட்டுப் பார்த்தான். எப்படித் தட்டினாலும் ஒரே பக்கம்தான் வந்து விழுந்தது.

ஓர்வில் உற்சாகமாக வண்டியை நோக்கி நடந்தான்.

"ட்ரவுட் மீனை மேப்பிள் பாகுல ஊறப்போட்டா எப்படி இருக்கும்னு ரொம்ப நாளா ஒரு யோசனை. கூட ரெண்டு ஊறுகாய் வெள்ளரி."

"உப்பு மட்டும் நான் போடறேனே," என்றான் டெல்பர்ட்.

"போடாதே," என்றான் ஓர்வில்.