வறுத்த மிளகாயின் உப்பு

கனகவல்லி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். பிடித்தால் உடும்புப்பிடிதான். கணவர் அருணாச்சலத்துக்கு ரத்த அழுத்தம் ஏறியபோது, மாத்திரையோடு உப்பையும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார் டாக்டர். அந்தக் ‘கொஞ்சம்’ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே அவளுக்கு மறந்துவிட்டது. மராத்தி ஊரான சாங்வியில் இருந்த வீட்டுக்கு வந்த கையோடு உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினாள். ஊறுகாய், அப்பளம், ஃபர்சாண் என்ற உப்பு மிக்சர் எல்லாம் எதிர் ஃபிளாட் ஜோசபினுக்குப் போயின.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார் அருணாச்சலம்.

“குப்பையா இருந்தாலும் சாப்பிடுங்க. நீங்க நெஞ்சைப் புடிச்சிக்கினு உக்காராம இருந்தா போதும்.”

அதோடு விட்டாளா? நிறையத் தண்ணீர் குடித்தால் உடம்பு சுத்தமாகும் என்று ஃபோனில் யாரோ சொல்லியிருந்தார்கள். எழுந்ததும் ஒரு சொம்பு, பிறகு பார்லித் தண்ணீர், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இன்னொரு சொம்பு. தொழிற்சாலையில் ஃபோர்மேனாக ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர், வீட்டில் சொம்பைக் கண்டதும் வாயைத் திறந்தார்.

உப்பில்லாத சாம்பாரை முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு மாலையில் நடைக்குக் கிளம்பிவிடுவார். ரத்த அழுத்தமும் இறங்கியது. கனகவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் கொத்தமல்லி வாங்கப் போனவள், தெருமுனையில் ஷிந்தேயின் வடாபாவ் வண்டியருகே அவரைப் பார்த்தாள். வடாபாவைக்கூட அவர் வாங்கவில்லை. உப்பில் புரட்டிய வறுத்த பச்சை மிளகாயை ஒவ்வொன்றாகக் கடித்துவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவரை ஓரமாக இழுத்து நிறுத்தினாள். ஷிந்தேயிடம்தான் மராத்தியில் பேசினாள். இனி இவருக்கு ஒரு மிளகாய் கொடுத்தாலும் இவர் உயிருக்கு நீதான் ஜவாப்தாரி என்றாள். அவன் காதைப் பிடித்துக்கொண்டான். அன்று முதல் நடைக்கு அவளும் கூடப் போனாள்.

அப்போது வெயில் காலம். தலை வலிக்கிறது என்று அவர் படுத்தார். வெயில்தான் காரணம் என்று இன்னொரு சொம்பு கூட்டினாள். ஒரு காலையில் தண்ணீரை நீட்டியதும் அவர் மரியாதையாகக் கைகூப்பி, “நக்கோ வஹினி” என்றார்.

வேண்டாம் அண்ணி என்கிறார், கட்டிய மனைவியிடம், அதுவும் மராத்தியில்! கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். “எந்த கேட் வழியா கம்பெனிக்குள்ள போகணும்?” என்று அடுத்துக் கேட்டார். அவர் கண்கள் அவளை அடையாளம் காணவில்லை. கையிலிருந்த சொம்பு நழுவ, “ஜோசபின்!” என்று அலறினாள்.

ரத்தத்தில் உப்பு அபாயமாகக் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை சிறுநீரோடு உப்பை வெளியேற்றுகிறது, உள்ளே புது உப்பு வரவில்லை, மிச்சத்தையும் தண்ணீர் நீர்க்க வைத்துவிட்டது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“முன்னாடி வெளியில் எங்காவது உப்பாகச் சாப்பிட்டாரா? இது எப்போதோ வந்திருக்க வேண்டியதாயிற்றே.”

“ஷிந்தே,” என்றாள் கனகவல்லி. டாக்டருக்குப் புரியவில்லை.

இத்தனை மாதம் இந்த உடம்பைத் தான்தான் காப்பதாக நினைத்திருந்தாள். அது தனக்கு வேண்டியதைத் தெருமுனையில் தேடி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வழியையும் இவள்தான் போய் அடைத்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, தன் கையாலேயே அவரைக் கொன்றிருப்போமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

மெல்ல மெல்ல அவர் தேறினார். மாத்திரை மாறியது, தண்ணீருக்கும் உப்புக்கும் அளவு சொன்னார்கள். வீடு திரும்பிய முதல்நாள், உப்பு ஜாடியைப் பரணிலிருந்து இறக்கி அவர் தட்டருகே வைத்தாள்.

“டாக்டர் சொன்ன அளவுதான். நீங்களே போட்டுக்கங்க.”

அவர் ஸ்பூனை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டிய பிறகும் கை நகரவில்லை.

கனகவல்லி எழுந்து சமையலறைக்குள் போனாள். அடுப்பில் ஒன்றுமில்லை. ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்கும்வரை சுவரைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.