மாடி வீட்டு ஒயர்

"கம்பெனில இன்னும் ரெண்டு வருஷம் இருன்றாங்க, பிரியா. இன்னா சொல்ற?"

"உங்க இஷ்டம்."

"அட, நீ சொல்லும்மா."

"நான் இன்னா சொல்றது? நீங்க முடிவு பண்ணா சரி."

"சனிக்கிழமை காலைல கையெழுத்து கேப்பாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பேசுவோம் இல்ல, அதுக்குள்ள யோசிச்சு வை."

ஷார்ஜாவிலிருந்து ஜோயல் கம்ப்யூட்டர் திரையில் தோன்றி இப்படிப் பேசிவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகியும், அந்த 'உங்க இஷ்டம்' சத்யப்பிரியாவின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கல்யாணமான நாலாம் மாதம் விமானம் ஏறியவன். திரும்பி வந்துவிடுங்கள் என்று கேட்க அவளுக்கு எத்தனை நாள் ஆசை! ஆனால் பிள்ளை ஃபாரினில் இருப்பதைப் படப்பை ஊர் முழுக்கச் சொல்லிப் பூரிக்கும் மாமியார் லூர்தம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

இன்று கேட்டே தீருவது என்று உட்கார்ந்தால், நெட் வரவில்லை.

ஜோயலிடம் போன் கிடையாது. நம்மூர் நேரம் மாலை ஏழரை வரை அங்குள்ள பிரவுசிங் சென்டரில் காத்திருப்பான். பிறகு தொழிலாளர் கேம்ப் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். விடிந்தால் கையெழுத்து. இப்போது மணி ஏழு.

நெட் இணைப்பு மாடியில் குடியிருக்கும் இசக்கியப்பனுடையது. ஒரகடம் ஃபாக்டரியில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரன். "சும்மாதானக்கா கெடக்கு, நீங்களும் பேசுங்க" என்று தன் கம்ப்யூட்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இறக்கிக் கொடுத்தவன். வைரஸ் பிடித்த கீழ்வீட்டு கம்ப்யூட்டரை நேற்றுதான் முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தான்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து நின்றான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. மாடிக்கு ஓடினான். "இங்க வருதுக்கா!" என்று கத்தினான். இறங்கி வந்து கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஊகூம்.

"ஏக்கா, இந்தா இங்கன இருக்கு பாருங்க இந்தக் கம்ப்யூட்டரோட நம்பரு. நான் மேல போனதும் சத்தமா வாசிங்க."

அவள் ஜன்னலோரம் நின்று வாசித்தாள். "நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தியறுபத்தெட்டு, பூஜ்யம், ஒண்ணு."

மேலேயிருந்து அவன் குரல் கேட்டது.

"அடக் கொடுமையே! இங்கயும் அதேதானக்கா!"

அசடு வழிய இறங்கி வந்தான். "எங்க கம்பெனி லைன்ல பத்து மிஷினுக்கும் ஒரே செட்டிங்தான் வைப்போம். ஒண்ணு மாறுனாலும் சூப்பர்வைசர் தொலைச்சிருவாரு. அந்தப் பழக்கத்துல என்னோடத அப்படியே பாத்து எழுதிட்டேன். ரெண்டுக்கும் வேற வேற நம்பர் வேணும்க்கா."

"நல்லா கீதுப்பா உன் வேலை!" என்றாள் லூர்தம்மாள். "ரெண்டு வூட்டுக்கும் ஒரே கதவு நம்பர் போட்டா, போஸ்ட்மேன் எந்த வூட்டுக்குத்தான் போவான்?"

கடைசி ஒன்றை இரண்டாக்கினான். ஏழு பதினெட்டுக்குத் திரையில் ஜோயல் வந்தான். கலங்கலாக, விட்டுவிட்டு, ஆனால் வந்தான். சத்யப்பிரியாவுக்கு இசக்கியப்பனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. "நல்லா இருப்பா" என்றாள்.

மகனிடம் ரெண்டு வார்த்தை விசாரித்துவிட்டு லூர்தம்மாள் எழுந்துகொண்டாள்.

"ஏம்ப்பா இசக்கி, வந்ததுல இருந்து மேலயும் கீழயும் ஓடிக்கினே கீற. வா, சோறு போடறேன்." வாசற்படியில் நின்று மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "பிரியா, என்னைப் பாக்காத. இன்னா தோணுதோ அவங்கிட்ட சொல்லு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள்! சத்யப்பிரியாவின் கண்கள் நிறைந்தன.

"இன்னா பிரியா, டைம் ஆவுது," என்றான் ஜோயல். "கையெழுத்து போட்டுடவா?"

"போடாதீங்க," என்றாள் அவள். "வூட்டுக்கு வந்துடுங்க. நீங்க என்கூடவே இருக்கணும்."