காலி பஸ்ஸும் நாலாயிரம் வாசகரும்

முப்பத்தோரு வருஷம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் தனியார் பஸ் ஓட்டினேன். நிலாவுக்கு மூன்று தடவை போய்த் திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே புதுச்சத்திரம் டீ கிடைக்காது.

ஸ்டியரிங்கை விட்டதும் அந்த நாட்களை எழுத ஒரு இணையதளம் தொடங்கினேன். ஆலப்பாக்கத்தில் ஏறிய ஆட்டுக்குட்டி இறங்க மறுத்து மூன்று ட்ரிப் சுற்றியது, கல்யாணக் கூட்டத்தில் பஸ் பக்கவாட்டில் புடைத்தது... எல்லாம் சத்தியம், கொஞ்சம் கூட்டிச் சொன்னது தவிர.

சிதம்பரத்தில் மெஸ் நடத்தும் மாலதி தன் விளம்பரத்தை அதில் போட்டிருந்தாள். அந்த ஒரு விளம்பரத்தில்தான் தளம் ஓடியது. அது போனால் தளத்தை மூட வேண்டியதுதான்.

போன மாதம், தளத்தின் முகப்பில் நான் போட்டுவைக்கும் வருகை எண் நாலாயிரத்தைத் தாண்டியது. நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தது. மறுநாளே மாலதி போன் செய்தாள்.

“ராஜாமணி மாமா, எண்ணிப் பாக்குறதுக்குன்னே வேற கம்பெனி வெச்சிருக்கேன். ஒவ்வொரு வருகைக்கும் முத்திரை வெச்ச சீட்டு மாதிரி ஒண்ணு அவுங்களுக்குப் போயிடும். அந்தச் சீட்டை நீங்களும் திருத்த முடியாது, நானும் முடியாது. ஆளு யாருன்னு தெரியாது, ஒரே போனான்னு மட்டும் தெரியும். அறுபது தவிர மிச்சம் அத்தனையும் சிதம்பரத்துல ஒரே போன். மோசடின்னு எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க. இல்லன்னா விளம்பரத்தை எடுத்துடுவேன்.”

சிதம்பரம் என்றதும் ஒரே முகம்தான் தோன்றியது: என் பஸ் கண்டக்டர் உத்திராபதி. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினேன். வீட்டு வாசலில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா பண்றே?”

“உனக்கு ஆள் ஏத்துறேன் மச்சான். காலையில எழுபது, சாயங்காலம் எழுபது. திறக்குறேன், மூடுறேன்.”

“யாருடா கேட்டா?”

“காலி பஸ்ல எவன் ஏறுவான்? கடலூர் ஸ்டாண்டுல டீக்கடை ஆளுங்க நாலு பேரை முன்னாடி சீட்டுல உக்கார வெச்சு, கூட்டம் சேந்ததும் இறக்கிவிடுவமே, மறந்துட்டியா?”

மறக்கவா? பலாப்பழ சீசனில் பஸ்ஸே மணக்கும். அந்த நால்வரில் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிஜமாகவே ஊருக்குப் போகிறவர் மாதிரி எல்லோருக்கும் கை காட்டுவார். ஒருநாள் இறங்க மறந்து தூங்கிவிட்டார். முட்லூரிலிருந்து ரிவர்சிலேயே ஓட்டி வந்து அவரைக் கடையில் சேர்த்தேன். நினைத்து நினைத்துச் சிரித்ததில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

துடைத்துக்கொண்டு சொன்னேன். “அவரு சும்மாதான் உக்காந்தாரு. நீ ஆளே இல்லாம டிக்கெட்டைக் கிழிச்சிருக்கே. செக்கர் ஏறிட்டாருடா. என் தளம் போவப்போவுது.”

அவன் முகம் சுண்டிவிட்டது. “வா, நானே மாலதிகிட்ட சொல்றேன்.”

மெஸ்ஸில் மதியப் பந்தி. உத்திராபதி ஒன்றையும் ஒளிக்கவில்லை. மாலதி சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

“இங்க ஒரு பந்திக்கு இருபத்தெட்டு இலை மாமா. நிஜமா அறுபது பேரு பாத்தாலே எனக்கு ஜாஸ்தி. பொய்யா நாலாயிரம் எதுக்கு? விளம்பரம் இருக்கட்டும். ஆனா தளத்துல நிஜ எண்ணைத்தான் போடணும்.”

“அந்த அறுபதுல நான் இருக்கேனா?” என்றான் உத்திராபதி.

“உங்களைச் சேத்தா அறுபத்தொண்ணு.”

“நாலாயிரம் தடவை திறந்தவனுக்கு ஒண்ணுதானா?”

“ஆளு ஒண்ணுதானே மச்சான்!” என்றேன்.

அங்கேயே போனை எடுத்து அறுபத்தொன்று என்று திருத்தினேன். என் தளத்தில் கூட்டிச் சொல்லாத ஒரே சங்கதி அதுதான்.